மனைவிக்கு சுகரா? அவர் எத்தனை மணிக்குச் சாப்பிடுகிறார் என்று முதலில் பாருங்கள்

பாம்பனில் இருக்கிறோம். என் மனைவிக்கு சுகர் வந்து நான்கு வருஷம் ஆகிறது, மாத்திரைதான், ஊசி இல்லை. முதல் இரண்டு வருஷம் நான் செய்ததெல்லாம் 'அதைத் தின்னாதே, இதைத் தொடாதே' என்று சொன்னது மட்டும்தான், ஒரு பிரயோஜனமும் இல்லை. ஒரு நாள் மத்தியானம் ஒரு மணிக்குச் சாப்பிட்டுவிட்டுப் போனவன், மறந்து வைத்த போனை எடுக்க மூன்று மணிக்குத் திரும்பி வந்தேன். அவர் அடுப்படியில் தரையில் உட்கார்ந்து, மிச்சச் சோறு மொத்தத்தையும் மீன் குழம்புச் சட்டியிலேயே போட்டு, அடியில் ஒட்டியிருந்ததை வழித்துப் பிசைந்து சாப்பிட்டுக்கொண்டிருந்தார். ஒரு துண்டு மீன் இல்லை, கீரை இல்லை. அதையெல்லாம் நானும் பிள்ளைகளும் காலி செய்திருந்தோம். ஐந்து மணிக்கு விரலில் குத்திப் பார்த்தால் சுகர் 268.

நம் வீடுகளில் சமைக்கிறவர் கடைசியில் சாப்பிடுகிறார், அதுவும் மிஞ்சியதை. மிஞ்சுவது எப்போதும் சோறுதான். காலையில் இரண்டு இட்லி, அப்புறம் மூன்று மணி வரை பட்டினி, அதன்பின் வயிறு முட்டச் சோறு என்றிருந்தால் மாத்திரை மட்டும் என்ன செய்யும்? அதனால் நான் முதலில் சொல்வது இதுதான், குழம்பை இறக்கியதும் அவருக்கு உள்ள மீனையும் காயையும் ஒரு கிண்ணத்தில் எடுத்து மூடி வையுங்கள், முடிந்தால் ஒன்றாக உட்காருங்கள். 'நீங்க சாப்பிடுங்க, நான் அப்புறமா சாப்பிடுறேன்' என்றால் விடாதீர்கள், பரிமாறுகிற வேலையை நீங்கள் வாங்கிக்கொள்ளுங்கள். உலையில் போடும் அரிசியையும் அளந்து குறையுங்கள். மிஞ்சினால்தானே வீணாகக் கூடாது என்று அவர் சாப்பிடுவார்.

தட்டில் பாதி காய், கால் பங்கு மீன் அல்லது முட்டை அல்லது பயறு, மீதிக் கால்தான் சோறு. காயையும் மீனையும் முதலில் சாப்பிட்டு, சோற்றைக் கடைசியில் சாப்பிட்டால் அதே சாப்பாட்டுக்கு ஏறுகிற சுகர் குறைகிறது. இதற்குச் செலவே இல்லை, ஒரு வாரம் செய்துபாருங்கள். சிவப்பரிசியோ குதிரைவாலியோ நல்லதுதான், ஆனால் அளவு அதேதான், 'சிறுதானியம்தானே' என்று இரண்டு தட்டு சாப்பிட்டால் பலன் இல்லை.

கடற்கரையில் இருக்கிற நமக்கு ஒரு பெரிய வசதி மீன். மீனில் மாவுச்சத்து கிடையாது. சூடை, நெத்திலி, காரல் போல விலை குறைந்த மீனே போதும், சீலாதான் வேண்டும் என்றில்லை. குழம்பாக வையுங்கள், பொரிப்பதை எப்போதாவது வைத்துக்கொள்ளுங்கள். ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை மீன்பிடித் தடைக்காலத்தில் மீன் விலை ஏறும், அப்போது கை தானாகக் கருவாட்டுக்குப் போகும். அதில் உப்பு அதிகம், சுகரோடு பிரஷரும் இருந்தால் கவனம் தேவை. வெந்நீரில் ஊறவைத்து இரண்டு மூன்று தடவை அலசி, கொஞ்சமாகப் போடுங்கள். அந்த இரண்டு மாதமும் முட்டை, பாசிப்பயறு, கொண்டைக்கடலைச் சுண்டல் என்று ஓட்டலாம். காய்தான் நம் பக்கம் சிரமம், எல்லாம் வெளியூரிலிருந்து வருகிறது. ஆனால் மணலில் முருங்கை நன்றாக வரும், கீரையை உருவிக் கொடுக்கிற வேலையை நீங்கள் செய்யுங்கள், அது ஒன்றுக்காகவே பாதி நாள் கீரை சமைக்காமல் போகிறது.

கருப்பட்டி விஷயம். 'பனை மரத்துது, சுகருக்கு ஒண்ணும் செய்யாது' என்று இங்கே எல்லோரும் சொல்வார்கள். கருப்பட்டியும் சர்க்கரைதான், ரத்தத்தில் சுகரை ஏற்றத்தான் செய்யும், பதநீரும் அப்படியே. பனங்கிழங்கில் நார் உண்டு, மாவும் உண்டு, அதனால் கிழங்கு சாப்பிடுகிற வேளையில் சோற்றைக் குறைக்க வேண்டும். கேழ்வரகைக் கூழாகக் கரைத்துக் குடித்தாலும் சுகர் சீக்கிரம் ஏறுகிறது, எங்கள் வீட்டில் குத்திப் பார்த்தே தெரிந்துகொண்டோம். டீக்கு சீனி போடுவதை வீட்டில் எல்லோரும் நிறுத்தினோம். அவருக்கு மட்டும் தனி டீ என்றால் அது தண்டனை மாதிரி ஆகிவிடுகிறது.

இன்னொன்று, போலீஸ் வேலை பார்க்காதீர்கள். ஒரு கல்யாண வீட்டில் சொந்தக்காரர்கள் முன்னால் அவர் இலையில் இருந்த ஜாங்கிரியை நான் எடுத்துவிட்டேன். அதன்பின் இரண்டு வாரம் அவர் தன் சுகர் அளவு எவ்வளவு என்று எனக்குக் காட்டவே இல்லை. இன்றைக்கும் அதை நினைத்தால் வருத்தமாக இருக்கிறது. இப்போது விசேஷத்துக்குப் புறப்படும் முன் இருவரும் ஆளுக்கு ஒரு முட்டை சாப்பிட்டுவிட்டுப் போகிறோம், அங்கே கறியையும் வெங்காயப் பச்சடியையும் முதலில் எடுத்துக்கொள்கிறோம், ஜாங்கிரி பாதிப் பாதி. ஒரு நோட்டில் தேதி, சாப்பிட்டது, வெறும் வயிற்று அளவு, முதல் வாய் வைத்ததிலிருந்து இரண்டு மணி நேரம் கழித்து அளவு, இவ்வளவுதான் எழுதுகிறோம். பொதுவாக வெறும் வயிற்றில் 80 முதல் 130, சாப்பிட்டபின் 180க்குள் என்பார்கள், உங்கள் வீட்டு ஆளுக்கு எவ்வளவு என்று டாக்டரிடம் கேளுங்கள். அளவு கூடினால் 'என்ன தின்னே' என்று கேட்காமல் நோட்டைச் சேர்ந்து பாருங்கள்.

சோற்றை நன்றாகக் குறைக்கப் போகிறீர்கள் என்றால் முன்கூட்டியே டாக்டரிடம் சொல்ல வேண்டும். கிளிமிபிரைடு போன்ற மாத்திரையோ இன்சுலினோ போடுகிறவருக்குச் சாப்பாடு குறைந்தால் லோ சுகர் வரலாம். வேர்க்கும், கை நடுங்கும், பேச்சு குழறும். 70க்குக் கீழே இருந்தால் மூன்று டீஸ்பூன் சீனியைத் தண்ணீரில் கரைத்துக் கொடுங்கள், 15 நிமிஷம் கழித்து மறுபடி குத்திப் பாருங்கள், ஏறவில்லை என்றால் இன்னொரு தடவை கொடுங்கள். நினைவில்லாமல் கிடந்தால் வாயில் எதையும் ஊற்றாதீர்கள், 108-ஐக் கூப்பிடுங்கள்.

ராத்திரி சாப்பாட்டுக்குப் பின் பதினைந்து நிமிஷம் சேர்ந்து நடங்கள். கடற்கரைப் பக்கம் போனால் வெறுங்காலோடு மணலில் இறங்க விடாதீர்கள், சுகர் உள்ளவர்களுக்குச் சிப்பி கிழித்தால்கூடத் தெரியாமல் போகலாம். வீட்டுக்கு வந்ததும் பாதத்தை வெளிச்சத்தில் வைத்து, விரல் இடுக்கு வரை நீங்களே பாருங்கள்.