கிரேக்கத் தெய்வங்களின் வம்சாவளியை வரையும் முறை

கிரேக்கப் புராணத்தைப் படிக்கத் தொடங்கும் நம் திருகோணமலை மாணவர்கள் பெரும்பாலும் ஒலிம்பஸ் மலையின் பன்னிரு தெய்வங்களிலிருந்து தொடங்கி, யார் யாருக்குப் பிள்ளை என்பதில் சிக்கிக்கொள்கின்றனர். பெரிய தாள் ஒன்றில் வம்சாவளியை மேலிருந்து கீழாக வரைந்து பார்த்தால் இச்சிக்கல் தீரும். முதல் வரைவுக்கு, கி.மு. 700 அளவில் வாழ்ந்த ஹெசியோட் என்னும் கவிஞர் கூறியதை மட்டும் ஆதாரமாகக் கொள்ளுங்கள்.

தாளின் உச்சியில் கேயாஸ் என்னும் வெறுவெளியை எழுதி, அதனருகே, கோடு எதுவும் போடாமல், பூமியாகிய கையாவை எழுதுங்கள். கையா அடுத்துத் தோன்றினாள் என்கிறாரே தவிர, கேயாஸுக்குப் பிறந்தாள் என்று ஹெசியோட் கூறவில்லை. எரெபஸ் என்னும் இருளும் நிக்ஸ் என்னும் இரவுமே கேயாஸின் வழிவந்தவை. கையா துணையின்றி ஈன்ற வானமாகிய யுரேனஸுக்கு ஒற்றைக் கோடும், பின்னர் அவ்விருவருக்கும் பிறந்த 12 டைட்டன்களுக்கு இரட்டைக் கோடும் இடுங்கள்.

அடுத்த தலைமுறையில் அவசரம் கூடாது. டைட்டன்களுள் இளையவனான குரோனஸ் தந்தையை அரிவாளால் வெட்டி அரசுரிமை பெற்றான். தன் பிள்ளையால் தனக்கும் வீழ்ச்சி நேருமென அஞ்சி, அவன் மனைவி ரேயா பெற்ற ஹெஸ்டியா, டிமீட்டர், ஹேரா, ஹேடிஸ், பொசைடன் ஆகிய ஐவரையும் பிறந்தவுடனேயே விழுங்கினான். ஆறாவதான சியூஸைக் கிரீட் தீவில் மறைத்துவிட்டு, துணியில் சுற்றிய கல்லொன்றை ரேயா குரோனஸிடம் கொடுத்தாள். பின்னர் அவன் கக்கியபோது, கடைசியாக விழுங்கிய கல்லே முதலில் வெளிவந்தது. கிரேக்கப் புனிதத் தலமான டெல்பியில் அக்கல்லுக்கு நாள்தோறும் எண்ணெய் வார்க்கப்பட்டதைக் கி.பி. 2ஆம் நூற்றாண்டுப் பயணி பௌசேனியாஸ் எழுதியிருப்பதால், படத்தில் கல்லுக்கும் ஓர் இடம் தருவது தகும்.

இனி ஹோமர் என்னும் காவியக் கவிஞர் கூறுவனவற்றை வேறு நிற மையால் சேருங்கள். யுரேனஸின் வெட்டுண்ட உறுப்பைச் சூழ்ந்த கடல்நுரையில் அப்ரொடைட்டி பிறந்தாள் என்பது ஹெசியோட் கூற்று. ஹோமரோ அவளைச் சியூஸுக்கும் டயோனிக்கும் மகளாக்குகிறார். சியூஸ் பொசைடனுக்கு இளையவன் என்கிறார் ஹெசியோட், மூத்தவன் என்கிறார் ஹோமர். கன்னியாவின் ஏழு வெந்நீர்க் கிணறுகளை இராவணன் வாளால் குத்தி உண்டாக்கினான் என்றும், முதியவராக வந்த திருமாலே உண்டாக்கினார் என்றும் இருவிதமாகக் கேட்டு வளர்ந்த நமக்கு இது புதிதன்று. இரண்டையும் இணைக்க முயலாமல், அருகருகே விட்டுவிடுங்கள்.

ஒலிம்பஸ் பன்னிருவரின் பட்டியல் கடைசி வேலை. பாதாளத்தில் வாழும் ஹேடிஸ் வழக்கமாக அதில் இடம்பெறுவதில்லை. பன்னிரண்டாம் இடத்தில் சிலர் ஹெஸ்டியாவையும் சிலர் டயோனைசஸையும் வைப்பதால், அந்த ஓரிடத்தைப் பென்சிலால் எழுதுங்கள்.