லிங்க்கைத் தொடப் பயப்படுகிறவருக்கு சர்வே மெயில் எழுதுவது

தருமபுரியில் ஒரு கல்லூரியில் வணிகவியல் சொல்லிக்கொடுக்கிறேன். ஆண்டுதோறும் முன்னாள் மாணவர்களிடம் கருத்துக் கேட்டு மெயில் அனுப்புவதும் என் பொறுப்பு. கல்லூரிகளின் தரத்தைப் பார்க்கும் நாக் (NAAC) அமைப்பின் மதிப்பீட்டுக்கு அது வேண்டும். அதைவிட, நாங்கள் நடத்தும் பாடம் ஓசூருக்கும் பெங்களூருக்கும் வேலைக்குப் போனவர்களுக்குக் கைகொடுத்ததா என்று எனக்குத் தெரிய வேண்டும்.

முதல் ஆண்டு பதில் மிகவும் குறைவாக வந்தது. பிள்ளைகளுக்கு அக்கறை இல்லை என்று நினைத்துக்கொண்டேன். அப்புறம் பாலக்கோட்டில் ஒரு கல்யாணத்தில் பழைய மாணவி ஒருத்தி சொன்னாள்: "மெயில் வந்துச்சு மேடம். லிங்க் இருந்ததால தொடல. இப்படி ஒண்ணைத் தொட்டுத்தான் எங்க அப்பா கணக்குல பணம் போச்சு."

அன்றிலிருந்து எழுதும் முறையையே மாற்றிக்கொண்டேன். மெயிலைத் திறப்பவருக்கு எந்த வரியில் சந்தேகம் வரும் என்று பார்த்துப் பார்த்து அதைப் போக்குவதுதான் இப்போது என் வேலையில் பாதி.

முதலில் அனுப்பும் முகவரி. சொந்த ஜிமெயிலிலிருந்து அனுப்பாதீர்கள். நிறுவனத்தின் பெயர் முடிவில் வரும் முகவரியிலிருந்தே போகட்டும். எந்தத் துறை, யார் கேட்கிறார்கள் என்று பெயரோடு எழுதுங்கள். அலுவலகத் தொலைபேசி எண்ணைக் கொடுங்கள். இதே சர்வே பற்றிய அறிவிப்பைக் கல்லூரி இணையதளத்திலும் போட்டுவிட்டு, "சந்தேகம் இருந்தால் எங்கள் தளத்தில் பாருங்கள்" என்று சொல்லுங்கள். லிங்க்கைத் தொடாமலே சரிபார்க்க ஒரு வழி இருந்தால்தான் தொட மனம் வரும். சுருக்கிய லிங்க் வேண்டவே வேண்டாம். எங்கே போகிறது என்று அதில் தெரியாது. பி.டி.எஃப். இணைப்பும் வேண்டாம்.

நான் அனுப்பும் மடல் இவ்வளவுதான்:

"அன்புள்ள கவிதா, வணிகவியல் துறையிலிருந்து எழுதுகிறேன். இங்கே படித்தது உங்கள் வேலைக்கு எவ்வளவு உதவியது என்று கேட்க 9 கேள்விகள் வைத்திருக்கிறோம். 5 நிமிடம் ஆகும். பாடத்திட்டத்தை மாற்றுவதற்கு மட்டுமே பதில்களைப் பயன்படுத்துவோம். ஆதார், வங்கி விவரம், ஓ.டி.பி. எதையும் கேட்க மாட்டோம். 20ஆம் தேதிக்குள் அனுப்பினால் நல்லது. விருப்பம் இல்லையென்றால் விட்டுவிடலாம். இனி மெயில் வேண்டாம் என்றால் ஒரு வரி பதில் போதும், பட்டியலிலிருந்து எடுத்துவிடுகிறேன்."

அதன் கீழே தனி வரியில் லிங்க். அதற்கும் கீழே என் பெயர், பதவி, எண். 5 நிமிடம் என்று எழுதுமுன் வேறு இரண்டு பேரை நிரப்பச் சொல்லி நேரம் பாருங்கள். கேள்வி தயாரித்தவருக்கு எப்போதும் சீக்கிரம் முடிந்துவிடும்.

தலைப்பு வரியில் "முக்கியம்", "அவசரம்" வேண்டாம். மோசடி மெயில்கள் அப்படித்தான் தொடங்குகின்றன. "வணிகவியல் துறை: உங்களிடம் 9 கேள்விகள்" என்பது போதும். செல்போனில் தலைப்பின் முன்பாதிதான் தெரியும், ஆகவே துறைப் பெயர் முன்னால் வரட்டும்.

பெயர் விஷயத்தில் கொஞ்சம் மெனக்கெடுங்கள். கல்லூரிப் பதிவேட்டில் இனிஷியலோடு முழுக்கக் கேப்பிட்டல் எழுத்தில் இருக்கும். அதை அப்படியே மெயில் மெர்ஜில் (பட்டியலிலுள்ள பெயரை நிரப்பி ஒவ்வொருவருக்கும் தனி மடல் அனுப்பும் வசதி) கொடுத்தால் கடன் நோட்டீஸ் மாதிரி போய் நிற்கும். பட்டியலில் உட்கார்ந்து ஒவ்வொரு பெயராகத் திருத்துங்கள். மூத்த மாணவர்களுக்கு "அவர்களுக்கு" என்று சேர்த்து எழுதுங்கள். பழைய பதிவுகளில் இன்னொரு சிக்கலும் உண்டு. 2004 பிப்ரவரியில்தான் கிருஷ்ணகிரி தனி மாவட்டமானது. அதற்கு முன் படித்த ஊத்தங்கரை, பர்கூர்க்காரர்கள் எல்லாரும் தருமபுரி மாவட்டம் என்றே இருப்பார்கள். பதிவேட்டிலிருந்து எதை எடுத்து மடலில் நிரப்பினாலும் ஒருமுறை கண்ணால் பார்த்துவிடுங்கள்.

"உங்கள் பெயர் யாருக்கும் தெரியாது" என்று எழுதுவதில் மிகவும் கவனம் வேண்டும். ஃபார்மில் மெயில் முகவரி சேகரிக்கும் வசதியைப் போட்டுவிட்டு, அல்லது ஆளுக்கொரு தனி லிங்க் கொடுத்துவிட்டு அப்படி எழுதினால் அது பொய். யார் எழுதியது என்று நமக்குத் தெரியும் என்றால், "பெயர் எனக்குத் தெரியும், வெளியே சொல்ல மாட்டேன்" என்றே எழுதுங்கள். ஆசிரியரைப் பற்றிக் குறை சொல்லப்போகும் பிள்ளைக்கு இந்த வித்தியாசம் பெரிது.

நான் செய்த இரண்டு தவறுகளைச் சொல்கிறேன். ஒன்று, எல்லா முகவரிகளையும் மேலே வெளிப்படையாகப் போட்டு அனுப்பினேன். பல பேருடைய முகவரி பல பேருக்குப் போனது. அதைப் பார்த்து, பழகாத ஒருவர் ஒரு மாணவிக்குத் தொடர்ந்து எழுத ஆரம்பித்தார். அவளிடம் மன்னிப்புக் கேட்டேன். ஆனாலும் போன முகவரியைத் திரும்ப வாங்க முடியாது. மெயில் மெர்ஜில் ஒவ்வொருவருக்கும் தனித்தனியாக அனுப்புங்கள், குறைந்தபட்சம், ஒருவர் முகவரி இன்னொருவருக்குத் தெரியாத பி.சி.சி. கட்டத்திலாவது போடுங்கள்.

இரண்டாவது, கல்லூரிக் கணக்கில் செய்த கூகுள் ஃபார்ம் கல்லூரிக்காரர்களுக்கு மட்டும் திறக்கும்படி இருந்தது. சக ஆசிரியர்களிடம் சோதித்தபோது நன்றாகத் திறந்தது. வெளியே இருந்தவர்களுக்கோ அனுமதி இல்லை என்று வந்தது. ஆகவே வெளி ஆள் ஒருவருடைய செல்போனில், கல்லூரிக் கணக்கு இல்லாமல் திறந்து பாருங்கள். சரியாக இருந்தாலும் முதலில் இருபது பேருக்கு மட்டும் அனுப்பி ஒரு நாள் பொறுங்கள்.

சாதாரண ஜிமெயிலில் ஒரு நாளைக்கு 500 பேருக்குத்தான் அனுப்ப முடியும். நிறுவனக் கணக்கில் 2,000 வரை போகும். உங்கள் டொமைனுக்கு (முகவரியில் @ குறிக்குப் பின் வரும் பெயர்) எஸ்.பி.எஃப்., டி.கே.ஐ.எம். அமைப்புகள், அதாவது மடல் உண்மையிலேயே உங்களிடமிருந்துதான் வருகிறது என்று காட்டும் அமைப்புகள், செய்திருக்கிறதா என்று கணினிப் பிரிவில் கேளுங்கள். 2024 பிப்ரவரியிலிருந்து ஜிமெயில் இதைக் கண்டிப்பாகப் பார்க்கிறது. இல்லையென்றால் மடல் ஸ்பாமுக்குப் போகும், திரும்பியும் வரலாம்.

ஞாயிறு மாலை அனுப்ப மாட்டேன். எங்கள் பிள்ளைகள் அப்போது பெங்களூர் பஸ்ஸில் நின்றுகொண்டிருப்பார்கள். ஆடிப்பெருக்கு வாரத்தில் பாதிப் பேர் ஒகேனக்கல்லில் இருப்பார்கள். எனக்குச் செவ்வாய், புதன் காலை சரியாக வருகிறது.

நினைவூட்டல் இரண்டே முறை, ஒரு வார இடைவெளியில். பதில் அனுப்பியவரைப் பட்டியலிலிருந்து நீக்கிவிட்டு மற்றவர்களுக்கு மட்டும் அனுப்புங்கள். பெயர் வாங்காத சர்வே என்றால் யார் அனுப்பினார்கள் என்று தெரியாது. அப்போது "ஏற்கெனவே அனுப்பியிருந்தால் நன்றி, இதை விட்டுவிடுங்கள்" என்பது முதல் வரியாக இருக்கட்டும். மூன்றாவது முறை கேட்க மாட்டேன்.

கடைசியாக ஒரு மடல் பாக்கி இருக்கிறது. பலரும் இதை மறந்துவிடுகிறார்கள். சர்வே முடிந்ததும், என்ன சொன்னார்கள், என்ன செய்தோம் என்று எல்லாருக்கும் எழுதுங்கள். ஜி.எஸ்.டி. தாக்கலைக் கையால் செய்து பழக நேரம் போதவில்லை என்று சென்ற ஆண்டு பலர் எழுதியிருந்தார்கள். சனிக்கிழமை காலையில் ஆய்வகம் திறக்க ஏற்பாடு செய்து, அதைச் சொல்லி மடல் போட்டேன். பாலக்கோட்டுக் கல்யாணத்தில் பார்த்த அந்த மாணவி அன்று இரவே பதில் எழுதினாள்: "இந்தத் தடவை நானும் நிரப்பினேன் மேடம்."