கேட்டுக்கொண்டே இருந்தால் எப்போது கேட்பது?

"நீயோ ஜெபம்பண்ணும்போது, உன் அறைவீட்டுக்குள் பிரவேசித்து, உன் கதவைப் பூட்டி" என்ற வசனத்தை வாசிக்கும்போதெல்லாம் கொருக்குப்பேட்டையில் நான் வளர்ந்த வீடு ஞாபகத்துக்கு வரும். ஒரே அறை, ஆறு பேர். கூட்ஸ் வண்டி போனால் அலமாரியில் டம்ளர் ஆடும். இதில் எந்த அறைவீடு, எந்தக் கதவு? தனி ஜெபத்துக்கு இடமில்லை என்று குறைப்படாத விசுவாசியை வடசென்னையில் நான் பார்த்ததே இல்லை.

வீடு அமைதியான பிறகு ஆரம்பிக்கலாம் என்று தள்ளிப்போடுவதுதான் பெரும்பாலோர் முதலில் செய்யும் தவறு. அமைதியான வீடு இயேசுவுக்கே வாய்க்கவில்லை. கப்பர்நகூமில் அவர் தங்கியிருந்த சீமோன் வீட்டு வாசலில் ஊரே கூடி நின்றது. மறுநாள் இருட்டோடே எழுந்து ஜெபிக்க வெளியே போய்விட்டார். அவருடைய சீடர் பேதுரு (அந்தச் சீமோன்தான்) என்ன செய்தார் பாருங்கள். யோப்பா என்ற துறைமுக ஊரில், தோல் பதனிடுகிற ஒருவர் வீட்டில் தங்கியிருந்தார். அந்த வீட்டின் வாசனையை மணலிக் காற்று அடிக்கும் பக்கம் குடியிருப்பவர்களுக்குச் சொல்ல வேண்டியதில்லை. நண்பகலில் மாடி ஏறி ஜெபிக்கப் போனார், அதுவும் பசியோடு. கத்தோலிக்கர்கள் பேதுருவை ராயப்பர் என்பார்கள். ராயபுரத்துக்குப் பெயர் வந்ததே அவரால்தான் என்று சொல்வதுண்டு. நம் மொட்டை மாடிக்கும் அவர் மாடிக்கும் அதிக தூரமில்லை.

சரி, மாடி கிடைத்துவிட்டது. உட்கார்ந்ததும் என்ன செய்கிறோம்? பையன் படிப்பு, அம்மாவின் முட்டிவலி, வீட்டு லோன், சபைக் கட்டடம் என்று முப்பது நிமிடம் மூச்சுவிடாமல் ஒப்புவித்துவிட்டு, ஆமென் சொல்லி எழுந்துவிடுகிறோம். தமிழில் வேண்டுவதும் கேட்பதுதான், செவிகொடுப்பதும் கேட்பதுதான். இரண்டுக்கும் ஒரே சொல் இருப்பதாலோ என்னவோ, ஒன்றைச் செய்தால் மற்றதும் நடந்துவிட்டதாக நினைத்துக்கொள்கிறோம். சிறுவன் சாமுவேலுக்கு ஆசாரியர் ஏலி கற்றுக்கொடுத்த ஜெபம் மொத்தமே ஒரு வரி: "கர்த்தாவே சொல்லும், அடியேன் கேட்கிறேன்." அந்தப் பையனும் முதல் மூன்று முறை, கர்த்தர் கூப்பிட்டதை ஏலி கூப்பிட்டதாக நினைத்து ஆள் மாறித்தான் ஓடினான்.

அடுத்தது வசனத்தைச் சீட்டுப்போல எடுப்பது. புத்தாண்டு இரவு ஆராதனை முடிந்ததும் பெட்டியிலிருந்து வாக்குத்தத்த அட்டை (அந்த வருஷத்துக்கென்று ஒரு வேத வசனம்) எடுக்கும் வழக்கம் எனக்கும் பிடிக்கும். ஆனால் எடுத்தது பிடிக்காமல் நைசாக இன்னொன்று எடுத்தவர்களையும் பார்த்திருக்கிறேன் (ஒரு வருஷம் நானே எடுத்தேன்). அந்தப் பெட்டியில் "உலகத்தில் உங்களுக்கு உபத்திரவம் உண்டு" என்று ஒரு அட்டை எனக்கு இதுவரை வந்ததில்லை. கண்ணை மூடி வேதத்தைத் திறந்து, விரல் பட்ட வரியை வேலைக்கோ வரனுக்கோ பதிலாக எடுப்பதும் இதே கதைதான்.

இதற்கு மாற்று ரொம்பப் பழையது. ஒரு சுவிசேஷத்தை எடுத்துக்கொண்டு, தினம் பத்துப் பதினைந்து வசனம், விட்ட இடத்திலிருந்து. முதலில் மெதுவாக வாசிப்பது, மனதில் தங்கிய சொல்லை அசைபோடுவது, அதைப் பற்றி ஆண்டவரிடம் பேசுவது, பிறகு பேச்சை நிறுத்தி அவர் முன் சும்மா இருப்பது. 12-ஆம் நூற்றாண்டில் கீகோ என்ற துறவி இதை நான்கு படி ஏணியாக எழுதி வைத்தார். நம்மில் பலர் மூன்றாவது படியிலேயே குடியிருக்கிறோம்.

நான்காவது படியில் மனம் அலையும். பால் பாக்கெட், கேஸ் புக்கிங் எல்லாம் வரும். மனதைக் காலியாக்க வேண்டும் என்று மல்லுக்கட்டாதீர்கள். அந்தச் சொல்லுக்குத் திரும்பிவந்தால் போதும். ஒரே ஆளின் முகம் திரும்பத் திரும்ப வந்தால் மட்டும் தள்ளிவிடாமல் கவனியுங்கள். காணிக்கையைப் பலிபீடத்தருகே வைத்துவிட்டு முதலில் போய்ச் சகோதரனோடு ஒப்புரவாகு என்று மத்தேயு 5-இல் இருக்கிறது. நீங்கள் கவனச்சிதறல் என்று நினைத்ததே அன்றைக்கு வந்த பதிலாக இருக்கலாம்.

நான் விழுந்த குழி வேறு. வேலை செய்த இடத்தில் மேலதிகாரி எல்லோர் முன்னாலும் திட்டினார். அன்று ராத்திரி ஜெபத்தில், வேலையை விடு என்று கர்த்தர் தெளிவாகச் சொன்னதாகத் தோன்றியது. சபையில் ஒரு பெரியவரிடம் போய்ச் சொன்னேன். அவர் பொறுமையாகக் கேட்டுவிட்டு, "தம்பி, கர்த்தர் உன் மேலதிகாரியைப் பத்தி மட்டும்தான் பேசினாரா? உன்னைப் பத்தி ஒண்ணும் சொல்லலியா?" என்றார். வாயடைத்துப்போனேன். எனக்குக் கேட்டது என் கோபத்தின் குரல், கொஞ்சம் வேத பாஷையில். மனம் சோர்ந்து இருண்டிருக்கும் நேரத்தில் முன்பு எடுத்த முடிவை மாற்றாதே என்று இயேசு சபையை நிறுவிய லொயோலா இஞ்ஞாசியார் 16-ஆம் நூற்றாண்டிலேயே எழுதினார். நம் நுங்கம்பாக்கம் கல்லூரி அவர் பெயரில்தான் இருக்கிறது.

மறுபடி பேதுருவிடம் வருவோம். தீட்டென்று அவர் ஒதுக்கிய மிருகங்களை அடித்துச் சாப்பிடு என்று மாடியில் அவர் பார்த்த தரிசனம் மூன்று தரம் வந்தது. அப்படியும் அவருக்கு அர்த்தம் விளங்கவில்லை. யோசித்துக்கொண்டிருக்கும்போதே வாசலில் ஆட்கள் வந்து விசாரித்தார்கள். வந்தவர்களோ, யூதரல்லாத ஒரு புறஜாதியார் அனுப்பியவர்கள்; அப்படிப்பட்டவர் வீட்டுப்படியைப் பேதுரு மிதிக்கத் துணிந்ததில்லை. அவர் ஆசைப்பட்ட பதில் எதுவும் அதில் இல்லை. வளர்ந்த விதத்தையே அது உலுக்கியது. கிளம்பும்போதும் அவர் தனியாகப் போகவில்லை, ஆறு சகோதரரைக் கூட்டிக்கொண்டு போனார். நாமோ "கர்த்தர் என்னிடம் சொல்லிவிட்டார்" என்று ஆரம்பித்தாலே அத்தோடு பேச்சு முடிந்தது. யாரும் எதிர்க்கேள்வி கேட்கக்கூடாது. அதிலும் பிறத்தியார் வீட்டுக் கல்யாணத்தைப் பற்றிக் கர்த்தர் நம்மிடம் சொன்னதாகப் போய்ச் சொல்வதை அறவே விட்டுவிடலாம். கல்யாணப் பெண்ணிடம் நேராகச் சொல்லக் கர்த்தருக்குத் தெரியும்.

மாத்திரையை நிறுத்து என்று ஜெபத்தில் கேட்டதாகத் தோன்றினால் மருத்துவரிடம் சொல்லாமல் நிறுத்தாதீர்கள். தூக்கமே இல்லாமல், காதில் குரல்கள் கட்டளை இட்டுக்கொண்டே இருந்தால் அதற்கும் மருத்துவர்தான்.

நாளைக்கே தொடங்குவதானால் பத்து நிமிடம் போதும். போனைக் கீழே வைத்துவிட்டுப் போங்கள். வேதாகம ஆப் அதில்தான் இருக்கிறது என்பதெல்லாம் சாக்கு, அச்சுப் புத்தகம் வீட்டில் எங்கேயாவது இருக்கும். நடுவில் தூங்கிவிட்டால் கவலை வேண்டாம், இயேசு பிடிபட்ட ராத்திரி, ஜெபிக்கச் சொன்ன கெத்செமனே தோட்டத்தில் பேதுருவும் தூங்கினவர்தான். அப்புறம், மாடி என்றால் மறக்காமல் ஒரு கொசுவத்தி.