பராச்சிக்கு இரண்டு நாள்: திட்டமிடும்போது தவிர்க்க வேண்டிய தவறுகள்

பிரேசிலில் ரியோ டி ஜெனீரோவுக்கும் சாவோ பாவுலோவுக்கும் நடுவே, மழைக்காடு மூடிய மலைகள் கடலை வந்து தொடும் இடத்தில் ஒதுங்கியிருக்கிறது பராச்சி என்னும் சிற்றூர். வரைபடத்தில் இருக்கும் எழுத்துகளைப் பார்த்துப் 'பராட்டி' என்று படிக்கத் தோன்றும். ஆனால் அந்த ஊர்க்காரர்களின் வாயில் அது பராச்சிதான். பேருந்து நிலையத்தில் சீட்டு கேட்கும்போதும் அப்படிச் சொன்னால்தான் உடனே புரியும்.

இந்த ஊருக்குச் செல்வோர் செய்யும் முதல் தவறு, ரியோவிலிருந்து காலையில் போய் இரவே திரும்பிவிடலாம் என்று கணக்கிடுவது. தூரம் ஏறத்தாழ 250 கிலோமீட்டர்தான் என்றாலும், கடலோரத்தையும் மலையடிவாரத்தையும் ஒட்டி வளைந்து நெளிந்து செல்லும் சாலையில் பேருந்துக்கு நாலரை மணி நேரம் பிடிக்கும். தீவுகளுக்குச் செல்லும் சுற்றுலாப் படகுகளோ பெரும்பாலும் காலை பத்து, பதினொரு மணிக்குப் புறப்பட்டு மாலையில்தான் கரை திரும்புகின்றன. எனவே ஒரே நாளில் போய்வருபவர்களுக்குப் படகும் கிடைப்பதில்லை, விளக்கேற்றிய பின் பழைய தெருக்களில் நடக்கும் வாய்ப்பும் கிடைப்பதில்லை. இரண்டு இரவுகளுக்குக் குறைவாகத் தங்குவதாக இருந்தால், வேறு ஊரைத் தேர்ந்தெடுப்பதே நல்லது என்பேன்.

அடுத்த தவறு காலணியிலும் பெட்டியிலும் இருக்கிறது. 18ஆம் நூற்றாண்டில் உள்நாட்டுப் பகுதியான மினாஸ் ஜெராயிஸின் சுரங்கங்களில் எடுத்த தங்கம் கோவேறு கழுதைகளின் முதுகில் மலையிறங்கி வந்து, இந்தத் துறைமுகத்தில்தான் கப்பலேறியது. பின்னர் ரியோவுக்கு நேர்ப்பாதை போடப்பட்டதும் வணிகர்கள் பராச்சியைக் கைவிட்டார்கள்; 1970களில் கடலோர நெடுஞ்சாலை வரும்வரை ஊர் ஏறக்குறைய மறக்கப்பட்டே கிடந்தது. அந்த மறதிதான் வெள்ளைச் சுவர்களையும் வண்ணக் கதவுகளையும் அடிமைகளின் உழைப்பில் பதிக்கப்பட்ட கற்களையும் இடிபடாமல் காத்தது. 2019இல் யுனெஸ்கோவின் உலகப் பாரம்பரியப் பட்டியலில் ஊர் சேர்ந்ததற்கு அதுவும் ஒரு காரணம். அந்தத் தெருக்கற்களை 'பெ ஜி மொலெக்கி' என்கிறார்கள். அதே பெயரில் அங்கே ஒரு மிட்டாயும் உண்டு. வேர்க்கடலையும் வெல்லமும் சேர்த்துச் செய்யும் அது நம் கடலை மிட்டாயேதான். மிட்டாயின் மேற்பரப்பு எப்படிக் கரடுமுரடாக இருக்குமோ, தெருவும் அப்படித்தான். குதிகால் உயர்ந்த செருப்பு அதில் ஒரு தெருமுனைகூடத் தாண்டாது. பழைய நகரப் பகுதிக்குள் கார்களுக்கு அனுமதி இல்லை. தெருமுனையில் சங்கிலி கட்டியிருக்கும். ஆகவே அதற்குள் விடுதி எடுப்பவர்கள் பெட்டியைக் கையில் தூக்கித்தான் நடக்க வேண்டும். சக்கரப் பெட்டியை விட முதுகுப் பையே நல்லது. பெரியவர்களோடு செல்பவர்கள் சங்கிலிக்கு வெளியே, நடக்கும் தொலைவில் உள்ள விடுதியைப் பார்க்கலாம்.

நிலவைப் பார்க்காமல் நாள் குறிப்பது பலருக்கும் தவறாகவே தோன்றாத தவறு. பௌர்ணமி, அமாவாசையை ஒட்டிய நாட்களில் ஓதம் ஏறும்போது கடல்நீர் கரையோரத் தெருக்களுக்குள்ளேயே வந்துவிடும். இது வெள்ளமன்று, ஊரே அதற்கு ஏற்பத்தான் அமைந்திருக்கிறது. தெருவின் நடுப்பகுதி வாய்க்கால்போல் தாழ்ந்தும், வீட்டு வாசற்படிகள் உயர்ந்தும் இருப்பதை நின்று கவனியுங்கள். முதலில் கல்லிடுக்குகளில் ஈரம் பளபளக்கும். சிறிது நேரத்தில் இடுக்குகள் ஒன்றோடொன்று சேர்ந்து நடுவில் ஓர் ஓடையாகும். பிறகு நீலக் கதவும் மஞ்சள் சட்டமும் தண்ணீரில் தலைகீழாக நிற்கும். இதைக் காண விரும்புகிறவர்கள் நாட்காட்டியையும் ஓத நேரப் பட்டியலையும் பார்த்து நாளைத் தேர்ந்தெடுக்க வேண்டும். விரும்பாதவர்கள் கரையோரத் தெருவில் அறை எடுக்காமலிருந்தால் போதும்.

மழை இன்னொரு கணக்கு. டிசம்பர் முதல் மார்ச் வரை அங்கே கோடை; கோடைதான் மழைக்காலமும். கனமழையில் மலைச்சாலையில் மண் சரியும் என்பதால், திரும்பும் விமானத்தைப் பராச்சியை விட்டுக் கிளம்பும் அதே நாளில் வைத்துக்கொள்ள வேண்டாம். மே முதல் ஆகஸ்ட் வரை மழை குறைவு. எந்த மாதமானாலும், முதலில் வாய்க்கும் தெளிந்த காலையைப் படகுக்குக் கொடுத்துவிட்டு, தேவாலயங்களையும் கடைகளையும் மேகமூட்டமான நாளுக்கு ஒதுக்குங்கள்.

ஊருக்கு மேலே, குன்யா என்ற மலையூருக்குச் செல்லும் சாலையில் ஒரு சறுக்குப்பாறை அருவி இருக்கிறது. உள்ளூர் இளைஞர்கள் அந்தப் பாறையில் நின்றபடியே வழுக்கி இறங்குவார்கள். சிறுவயதிலிருந்தே அந்தப் பாறையில் பழகிய கால்கள் அவை. அதைப் பார்த்து எழுந்து நிற்பவர்களுக்கு எலும்பு முறியும். உட்கார்ந்தே சறுக்குங்கள், மழை பெய்து நீர் பெருகியிருந்தால் இறங்கவே இறங்காதீர்கள்.

சைவ உணவுக்காரர்கள் 'செங் கார்னி', அதாவது 'இறைச்சி இல்லாமல்' என்று மட்டும் சொல்லிவிட்டு நிம்மதியடைவதும் தவறு. அந்தச் சொல் பலருக்கு மாட்டிறைச்சியையே குறிக்கும் என்பதால், கோழியோ மீனோ தட்டில் வந்து நிற்கலாம். பயறுக் குழம்பிலும் பன்றிக்கொழுப்பு சேர்ப்பது வழக்கம். கோழி, மீன், பன்றி என ஒவ்வொன்றையும் தனித்தனியே வேண்டாம் என்று சொல்லுங்கள். தட்டை எடைபோட்டுக் காசு வாங்கும் 'போர் கிலோ' உணவகங்களில் வேண்டியதை நாமே பார்த்து எடுத்துக்கொள்ளலாம்.

இந்தியாவிலிருந்து செல்வோர் விசாவோடு மறக்கக் கூடாத ஒன்று மஞ்சள் காய்ச்சல் தடுப்பூசி. பிரேசிலிலிருந்து திரும்புகிறவர்களிடம் அந்தச் சான்றிதழ் இல்லாவிட்டால், இந்திய விமான நிலையத்தில் ஆறு நாள் வரை தனிமைப்படுத்த முடியும். ஊசி போட்டுப் பத்து நாள் கழிந்த பிறகே சான்றிதழ் செல்லுபடியாகும். கடைசி வாரத்தில் ஓடிப் பயனில்லை. சென்னையில் கிண்டி கிங் நிலையத்தில் போடுகிறார்கள். ஒருமுறை போட்டுக்கொண்டால் சான்றிதழ் வாழ்நாள் முழுவதும் செல்லும்.