தாத்தாவின் போர்ப் பதக்கம் எதற்காகக் கிடைத்தது? தேடிக் கண்டுபிடிக்கும் வழி

பெங்களூர் அல்சூரில் எங்கள் வீட்டில் தாத்தாவின் பதக்கம் சாமி அலமாரியில்தான் இருந்தது. ஒவ்வோர் ஆயுத பூஜைக்கும் பாட்டி அதை விபூதி போட்டுத் தேய்ப்பார். தாத்தா இரண்டாம் உலகப் போரில் மெட்ராஸ் சாப்பர்ஸ் என்ற ராணுவப் பொறியாளர் படையில் ‘தம்பி’யாக (அந்தப் படை வீரர்களின் செல்லப் பெயர்) இருந்தவர். ஏதோ ஒரு பாலத்தை வெடி வைத்துத் தகர்த்ததற்காகக் கிடைத்தது என்று அப்பா சொல்வார். நிஜமாக என்ன நடந்தது என்று தெரிந்துகொள்ள எனக்கு ஒரு வருடம் ஆனது.

முதலில், கையில் இருப்பது வீரப் பதக்கம்தானா என்று பாருங்கள். ஆப்பிரிக்கா ஸ்டார், இத்தாலி ஸ்டார் போன்ற நட்சத்திரங்கள் அந்தக் களத்தில் பணியாற்றிய எல்லோருக்கும் கொடுத்தவை. மிலிட்டரி மெடல், இந்தியன் ஆர்டர் ஆஃப் மெரிட், இந்தியன் டிஸ்டிங்விஷ்ட் சர்வீஸ் மெடல் போன்றவைதான் தனி வீரச் செயலுக்கானவை. தாத்தாவுடையது கடைசியாகச் சொன்னது, சுருக்கமாக ஐ.டி.எஸ்.எம். 1907-இல் தொடங்கி 1947 வரை வழங்கப்பட்ட வெள்ளிப் பதக்கம்.

அடுத்தது பதக்கத்தின் விளிம்பு. அதில் ராணுவ எண், பதவி, பெயர், படைப்பிரிவு எல்லாம் பொறித்திருக்கும். விபூதித் தேய்ப்பில் எங்களுடையது பாதி மழுங்கிவிட்டது. தயவுசெய்து இனி எதையும் போட்டுத் தேய்க்காதீர்கள். அறையை இருட்டாக்கி, போன் டார்ச்சைப் பக்கவாட்டில் சாய்த்துப் பிடித்தால் பள்ளங்களில் நிழல் விழுந்து எழுத்து தெரியும். பூதக்கண்ணாடியைவிட இதுதான் நல்ல வழி. எண்ணை மூன்று தடவை சரிபார்த்து எழுதிக்கொள்ளுங்கள்.

எண் ஏன் இவ்வளவு முக்கியம்? நான் மாதக்கணக்கில் பெயரை வைத்துத் தேடித்தான் வீணானேன். கோவிந்தசாமி என்ற ஒரே பெயரை எத்தனை விதமாக ஆங்கிலத்தில் எழுதலாம்! கடைசியில் ‘ஐ’ வருமா ‘ஒய்’ வருமா, நடுவில் ‘டபிள்யூ’ உண்டா, அப்பா பெயர் முன்னாலா பின்னாலா என்பதெல்லாம் எழுதிய குமாஸ்தாவின் காதைப் பொறுத்தது. எண்ணைப் போட்டுத் தேடியதும் ஒரே நிமிடத்தில் வந்துவிட்டது. தாத்தா பெயரில் நாங்கள் யாரும் நினைத்தே பார்க்காத இடத்தில் ஒரு ‘எச்’ இருந்தது. எண் கிடைக்கவே இல்லையென்றால், பெயரின் முதல் நாலைந்து எழுத்துகளைப் போட்டு நட்சத்திரக் குறி சேர்த்துத் தேடுங்கள்.

தேட வேண்டிய இடம், லண்டன் கியூவில் உள்ள பிரிட்டிஷ் தேசிய ஆவணக் காப்பகத்தின் இணையப் பட்டியல். அதில் டபிள்யூ.ஓ. (வார் ஆபீஸ், அதாவது பிரிட்டிஷ் போர்த் துறை) 373 என்ற வரிசையில் விருதுப் பரிந்துரைகள் இருக்கின்றன. பெயர், எண், படைப்பிரிவு, போர்க்களம், பிரிட்டிஷ் அரசிதழான லண்டன் கெசட்டில் அறிவித்த தேதி எல்லாம் பட்டியலிலேயே வரும். பலரும் கெசட்டிலிருந்து தொடங்கச் சொல்கிறார்கள். என் கருத்து வேறு. கெசட்டில் இந்தப் பதக்கங்களுக்குப் பெரும்பாலும் வெறும் பெயர்ப் பட்டியல்தான் இருக்கும், கதை இருக்காது. தவிர, அது அறிவிப்புத் தேதி. சம்பவம் அதற்குப் பல மாதம் முன்பே நடந்திருக்கும். நான் கெசட் தேதியை வைத்துக்கொண்டு வேறொரு சண்டையைப் பற்றி ஒரு நோட்டு முழுக்க எழுதி வைத்திருந்தேன்.

பரிந்துரைப் படிவத்தை நிதானமாகப் படியுங்கள். நடுவில் தட்டச்சு செய்த பத்திதான் கதை. ஆனால் ஓரங்களையும் விடாதீர்கள். எங்கள் தாளின் வலப்பக்கத்தில் முதலில் பரிந்துரைத்த உயர்ந்த விருதைப் பேனாவால் அடித்துவிட்டு, மேலே ‘ஐ.டி.எஸ்.எம்.’ என்று யாரோ எழுதியிருந்தார்கள். அந்த ஒரு கோட்டை நான் வெகுநேரம் பார்த்துக்கொண்டிருந்தேன்.

தேதியும் கம்பெனியும் (படையின் உட்பிரிவு) தெரிந்தபின், அந்தப் பிரிவு அன்றாடம் எழுதிவைத்த போர் நாட்குறிப்புக்குப் போகலாம்; அதுவும் அதே காப்பகத்தில்தான். வட ஆப்பிரிக்கா என்றால் டபிள்யூ.ஓ. 169 அல்லது 175, இத்தாலி 170, பர்மா 172. பெரும்பாலானவை ஸ்கேன் ஆகவில்லை. நகல் கேட்டுப் பணம் கட்ட வேண்டியிருக்கும். பெங்களூருக்காரர்களுக்கு இன்னொரு வழியும் உண்டு. சாப்பர்ஸின் இன்றைய வடிவமான எம்.இ.ஜி.யின் (மெட்ராஸ் இன்ஜினியர் குரூப்) ஆவணப் பிரிவு அல்சூர் ஏரிக்குப் பக்கத்திலேயே இருக்கிறது. வாரிசு என்ற முறையில் எண்ணைக் குறிப்பிட்டுக் கடிதம் எழுதுங்கள். ராணுவப் பகுதி என்பதால் நேரில் போவதானால் முன்அனுமதி வேண்டும்.

இதுவரை சொன்னது இரண்டாம் உலகப் போருக்கு; முதல் உலகப் போர் பற்றியும் இரண்டு பேர் கேட்டிருந்தார்கள். டபிள்யூ.ஓ. 373 அதற்கு உதவாது. டபிள்யூ.ஓ. 95 நாட்குறிப்புகளைப் பாருங்கள். வீர் சக்ரா போன்ற சுதந்திரத்துக்குப் பிந்தைய விருதுகளுக்கு நம் பாதுகாப்பு அமைச்சகத்தின் வீர விருதுகள் தளத்திலேயே விவரம் கிடைக்கிறது.

தாத்தாவின் பரிந்துரைப் படிவத்தை அப்பாவுக்குத் தமிழில் சொல்லிக்கொண்டே படித்தேன். 1943 ஏப்ரல், துனிசியா. பாலம் எங்குமே இல்லை. இருட்டில், ஷெல் விழுந்துகொண்டிருக்கும்போது, கண்ணிவெடி வயலில் வழி திறந்தவர், அடிபட்ட இரண்டு பேருக்காகத் திரும்பவும் உள்ளே போயிருக்கிறார். அப்பா கொஞ்ச நேரம் பேசவில்லை. அப்புறம், “ஏரிக்கரைக்குக் கூட்டிட்டுப் போனா எங்களைப் புல்லுல கால் வைக்கவே விடமாட்டார்டா” என்றார்.