போன் வழியே இசை சிகிச்சை: சேர்ந்து பாடாதீர்கள், மாற்றி மாற்றிப் பாடுங்கள்

2020 மார்ச்சில் கொரோனா ஊரடங்கு வந்து, சென்னையில் நான் நேரில் நடத்திக்கொண்டிருந்த செஷன்கள் எல்லாம் போனுக்கு மாறின. அப்போது படித்துக்கொண்டதை, இந்தத் தொழிலுக்குப் புதிதாக வருகிறவர்களுக்காக எழுதுகிறேன். இன்னொரு தொற்று வந்தால் உதவும்.

முதல் விஷயம், போனில் சேர்ந்து பாட முயலாதீர்கள். நீங்கள் போடும் தாளம் அந்தப் பக்கம் போய்ச் சேரக் கொஞ்சம் நேரம் ஆகும். சிகிச்சை பெறுபவர் தட்டுவது திரும்பி வர இன்னும் கொஞ்சம். பேசும்போது இந்தத் தாமதம் உறைக்காது, தாளத்தில் உடனே உறைக்கும். அவர் சரியாகத்தான் தட்டுவார், உங்கள் காதுக்குப் பிந்தி வரும். அவருக்காக நீங்கள் வேகத்தைக் குறைக்க, உங்களுக்காக அவரும் குறைக்க, ஆதி தாளம் நடுவழியில் படுத்துவிடும்.

ஆகவே நீங்கள் ஒரு வரி, அவர் ஒரு வரி. பஜனையில் ஒருவர் எடுத்துக்கொடுக்க மற்றவர்கள் வாங்கிப் பாடிப் பழகிய பெரியவர்களுக்கு இதைச் சொல்லித்தரவே வேண்டாம். ஞாபகம் மங்கியவர்கள்கூடத் தம் முறை வந்ததும் சட்டென்று பிடித்துக்கொள்வார்கள். அவர்களுடைய இளவயதுப் பாட்டுகளை வீட்டாரிடம் முன்பே கேட்டு வைத்துக்கொள்ளுங்கள். குழுவாக நடத்தினால் மற்ற எல்லா மைக்குகளையும் அணைத்துவிட்டு நீங்கள் மட்டும் பாடுங்கள். அவரவர் வீட்டில் அவரவர் கூடப் பாடட்டும்.

அடுத்தது சுருதி. ஒரே மாதிரி ஓடிக்கொண்டிருக்கும் ஒலியை ஜூம் இரைச்சல் என்று வடிகட்டிவிடும். அதற்குத் தம்புராவும் ஒன்று, மின்விசிறியும் ஒன்று! ஆடியோ அமைப்பில் உள்ள 'ஒரிஜினல் சவுண்ட்' வசதியை இயக்குங்கள். வாட்ஸ்அப்பில்தான் வருவோம் என்பவர்களிடம், இன்னொரு போனில் சுருதி ஆப்பைப் போட்டு அவர் பக்கத்தில் வைக்கச் சொல்லுங்கள். உங்களுக்குக் கேட்காவிட்டாலும் பரவாயில்லை, அவருக்குக் கேட்டால் போதும்.

ஆட்டிசம் உள்ள குழந்தை என்றால் உங்கள் கையாக இருக்கப்போவது அம்மாவோ பாட்டியோதான். முதல் நாள் குழந்தையை விட்டுவிட்டு அவர்களிடம் மட்டும் பேசுங்கள். "எனக்குப் பாட வராதுங்க" என்பார்கள். பாடவே வேண்டாம், அவன் எதைத் தட்டுகிறானோ அதை அப்படியே திருப்பித் தட்டுங்கள், அவன் நிறுத்தினால் நீங்களும் நிறுத்திக் காத்திருங்கள் என்று சொல்லுங்கள். அந்தக் காத்திருப்பில்தான் குழந்தை நிமிர்ந்து பார்க்கும். வாத்தியத்துக்கு எவர்சில்வர் டம்ளர், தாம்பாளம், பயறு போட்ட டப்பா. டப்பா மூடியை டேப் போட்டு நன்றாக ஒட்டச் சொல்லுங்கள், பயறு வாய்க்குப் போய்விடக் கூடாது. போன் எட்டாத உயரத்தில் இருக்கட்டும். இல்லையென்றால் சிவப்புப் பொத்தானை அமுக்குவதே விளையாட்டாகிவிடும்.

நேரில் திரும்பும்போது பாட்டை அவசரமாகக் கொண்டுவராதீர்கள். அமெரிக்காவின் வாஷிங்டன் மாநிலத்தில், ஸ்காஜிட் பள்ளத்தாக்கில் 2020 மார்ச் 10 அன்று ஒரு பாடகர் குழு ஒத்திகைக்குக் கூடியது. வந்திருந்த 61 பேரில் 50 பேருக்கு மேல் நோயுற்றார்கள், இருவர் இறந்தார்கள். குரல் உயர உயர வாயிலிருந்து வரும் நுண்துளிகளும் கூடும். ஜன்னலைத் திறந்து வைத்து, தட்டு வாத்தியங்களிலும் தந்தி வாத்தியங்களிலும் தொடங்குங்கள். புல்லாங்குழல் கடைசியில் வரட்டும். மிருதங்கம், கஞ்சிரா தோலில் சானிடைசர் போட்டால் தோல் கெட்டுவிடும். அவற்றை உங்கள் கையோடு வைத்துக்கொண்டு, துடைக்கக்கூடிய பிளாஸ்டிக் கிலுகிலுப்பையை மற்றவர்களுக்குக் கொடுங்கள்.

இந்த ராகத்துக்கு இந்த நோய் போகும் என்று ஒரு பட்டியல் உங்களுக்கும் வரும். ஃபார்வர்டு செய்யாதீர்கள். பயத்தில் இருப்பவர் மாத்திரையை நிறுத்திவிட்டு அதைக் கேட்டுக்கொண்டிருப்பார்.

ஐசியுவில் இருப்பவருக்கு நீங்கள் பாடுவதைவிட வீட்டுக் குரல் மேல். பேத்தி பாடியதைச் சின்னதாகப் பதிவு செய்து, நர்ஸிடம் கேட்டுக்கொண்டு, ஜிப் பையில் போட்ட போனில் ஒலிக்கவிடுங்கள். மானிட்டர் அலாரத்தை அமுக்காத அளவுக்கே சத்தம் இருக்கட்டும்.

அப்புறம் கட்டணத்தை முதலிலேயே பேசிவிடுங்கள். "போன்லதானே" என்று பாதிதான் கொடுக்கப் பார்ப்பார்கள்.