பெரியம்மாவின் கல்வெட்டை நான் எழுதிய விதம்: உங்களுக்கும் உதவலாம்

இலங்கையின் வடக்கில், எங்கள் பக்கம் கல்வெட்டு என்றால் கோயில் சுவரில் இருப்பது இல்லை. செத்தவீடு முடிந்து 31ஆம் நாள் அந்தியேட்டிக்கு வருகிறவர்கள் கையில் கொடுக்கிற சின்னப் புத்தகம். தேவாரம், சிவபுராணம், இறந்த திதியைச் சொல்லும் திதி வெண்பா, நன்றி நவிலல், நடுவில் இரண்டு பக்கம் வாழ்க்கைக் குறிப்பு. அந்த இரண்டு பக்கத்தை எழுதும் வேலை வீட்டில் கொஞ்சம் படித்த ஆளின் தலையில் விழும். என் பெரியம்மா போனபோது என் தலையில் விழுந்தது. நான் அவவின் பெறாமகள், தங்கையின் மகள், அவவுக்குப் பிள்ளைகள் இல்லை.

முதலில் எழுதியதை அம்மாவிடம் வாசித்துக் காட்டினேன். "அன்பும் பண்பும் நிறைந்த, அடக்கமே உருவான" என்று தொடங்கியது. அம்மா பாதியில் கையைக் காட்டி நிறுத்தி, "இது ஆற்றை கதை?" (யாருடைய கதை) என்று கேட்டா. நியாயமான கேள்வி. பெரியம்மாவிடம் அடக்கம் மட்டும்தான் இருக்கவில்லை. கிளிநொச்சிப் பக்கத்து வட்டக்கச்சியில் வயலும் மேட்டுக்காணியுமாக வளர்ந்து, பதினாறு வயதில் உழவு மெஷின் (டிராக்டர்) ஓடி, கட்டிய கலியாணத்தை ஒன்றரை வருசத்தில் விட்டு வந்து, எழுபதுகளில் மிளகாய் மூட்டையோடு லொறியில் கொழும்புக்குப் போய் விலை பேசிய மனுசி. ஆனால் எங்கள் கல்வெட்டுகளைப் பாருங்கள், ஆம்பிளை என்றால் என்ன செய்தார் என்று இருக்கும், பொம்பிளை என்றால் இன்னாரின் மகள், இன்னாரின் மனைவி, இன்னாரின் பாசமிகு தாய் என்று இருக்கும். அந்த உறவுப் பட்டியல் வேண்டாம் என்று நான் சொல்லவில்லை, அதில் ஒரு பெயர் விட்டுப்போனால் குடும்பம் இரண்டாகும். அதைப் பின்னுக்கு ஒரு தனிப் பக்கத்தில் போடுங்கள். வாழ்க்கைக் குறிப்பில் அவ செய்தவை வரட்டும்.

31 நாள் என்பது எழுதுகிற ஆளுக்கு 31 நாள் இல்லை. அச்சகத்துக்கு ஒரு கிழமையாவது வேண்டும், சொந்தக்காரர் திருத்தம் சொல்ல நாலைந்து நாள், எட்டாம் நாள் சடங்கான எட்டுச் செலவு முடியும்வரை ஒருத்தரும் பேனை பிடிக்கப் போவதில்லை. மிஞ்சுவது பத்துப் பன்னிரண்டு நாள். ஆனால் அந்த எட்டு நாளும் வீண் இல்லை, பந்தலுக்குள் இருக்கிற கிழவர்மாரும் ஆச்சிமாரும் பிறகு ஒன்றாகக் கிடைக்க மாட்டார்கள். தேத்தண்ணி கொடுக்கும் சாட்டில் பக்கத்தில் போய் இருந்து, கேட்டுவிட்டு, போனில் பதியுங்கள். "அவ எப்பிடிப்பட்டவ?" என்று மட்டும் கேட்காதீர்கள், "தங்கமான மனுசி" என்று சொல்லிவிட்டுக் கண்ணைத் துடைப்பார்கள், அதோடு சரி. பொருளைப் பற்றிக் கேளுங்கள். மெஷின் யாருடையது, அவவுக்கு ஓடப் பழக்கியது யார், வரம்பில் ஏற்றிக் கவிழ்த்தாவா, காவல் கொட்டிலில் இரவில் யாரோடு படுத்தா, யானை வந்தால் என்ன செய்தா. நான் இப்படிக் கேட்டபோது பக்கத்து வளவு ஐயா ஒருவர், அரை மணித்தியாலம் வாயே திறக்காதவர், "உன்ரை பெரியம்மா வரம்பு முட்டாமல் மெஷினைத் திருப்பின மாதிரி நான் இண்டைவரைக்கும் ஒருத்தனும் திருப்பக் காணேல்லை" என்றார். அதிலிருந்து சூடடிக்கிற களத்துக்குப் போய், களத்தில் நெல்லைப் பொலி என்றுதான் சொல்ல வேண்டும் என்ற வழக்கத்தை அவ வேண்டுமென்றே மீறி அப்புவிடம் ஏச்சு வாங்கியதுவரை வந்துவிட்டது. அவவோடு கோபமாக இருந்தவர்களையும் விடாதீர்கள், வாய்க்கால் தண்ணிக்குச் சண்டை பிடித்த ஆளுக்கு அவவைப் பற்றி நிறையத் தெரியும்.

திகதிகள்தான் பெரிய தலையிடி. எங்கள் ஆட்களுக்கு வருசம் நினைவில் இருக்காது, சம்பவம் இருக்கும். அதனால் ஒரு கொப்பித் தாளில் இடது பக்கம் இதை எழுதி வையுங்கள்: 1957 மார்கழி வெள்ளம், 1964 மார்கழிச் சூறாவளி, 1970க்குப் பிறகு இறக்குமதி நின்று மிளகாய்க்கும் வெங்காயத்துக்கும் விலை வந்த காலம், 1977இல் அது முடிந்தது, 1990இல் யாழ்தேவி ரயில் நின்றது, 1995 ஐப்பசியில் யாழ்ப்பாணத்துச் சனம் இடம்பெயர்ந்து கனபேர் வன்னிக்கு வந்தது, 1996இல் கிளிநொச்சி இடம்பெயர்ந்தது, 2002இல் ஏ9 பாதை திறந்தது, 2006இல் பூட்டியது. பிறகு ஒவ்வொரு கதைக்கும் "அது சூறாவளிக்கு முன்னமோ பின்னமோ?" என்று கேளுங்கள். உடனே பதில் வரும். பெரியம்மா மெஷின் பழகியது சூறாவளி வருசம் என்று மூன்று பேர் தனித்தனியாகச் சொன்னார்கள், எழுதிவிட்டேன்.

பிறந்த திகதிக்கு, பிறப்புப் பத்திரம் இடம்பெயர்வில் போய்விட்டதென்றால், அடையாள அட்டை இலக்கத்தைப் பாருங்கள். பழைய அட்டையில் முதல் இரண்டு இலக்கமும் பிறந்த வருசம், அடுத்த மூன்றும் அந்த வருசத்தின் எத்தனையாவது நாள் என்பது, பெண் என்றால் அதோடு 500 கூட்டியிருக்கும். 48573 என்று தொடங்கினால் 1948, 573இல் 500ஐக் கழித்தால் 73ஆம் நாள். பெப்ரவரியை எப்போதும் 29 என்றே எண்ண வேண்டும், அப்படி எண்ணினால் மார்ச் 13. ஆனால் இதையும் முழுக்க நம்பாதீர்கள். உத்தேச வயதுச் சான்றிதழை வைத்து அட்டை எடுத்தவர்கள் எங்கள் பக்கம் கனபேர். நட்சத்திரம் தெரிந்த ஆச்சி ஒருவர் இருந்தால் ஒப்பிட்டுப் பாருங்கள்.

அடுத்தது காணிப் பெர்மிட். இதை ஏன் தேடச் சொல்கிறேன் என்றால், கமக்கார வீட்டுப் பொம்பிளையின் வாழ்க்கையில் பெரிய சங்கதி அநேகமாக அந்தக் கடதாசியில்தான் இருக்கும். குடியேற்றத் திட்டக் காணிகள் 1935ஆம் ஆண்டின் காணி அபிவிருத்திக் கட்டளைச் சட்டத்தின் கீழ் கொடுக்கப்பட்டவை. பெர்மிட்காரர் பின்னுரித்தாளரை, அதாவது தனக்குப் பிறகு காணி சேரவேண்டிய ஆளை, பெயர் குறிக்காமல் இறந்தால், பிள்ளைகளுக்குள் மகன்மார்தான் முன்னுக்கு, மகள்மார் பிறகு. 2022இல் வந்த திருத்தம்தான் இதை மாற்றியது. எங்கள் அம்மப்பாவுக்கு இரண்டு ஆம்பிளைப் பிள்ளைகள். ஆனால் பின்னுரித்தாளர் என்ற இடத்தில் பெரியம்மாவின் பெயர் இருந்தது. கலியாணத்தை விட்டு வந்த மகளுக்கு அந்த மனுசன் ஒரு சொல்லும் சொல்லவில்லை என்று அம்மா அடிக்கடி சொல்லுவா. சொல்லத்தான் இல்லை, கச்சேரிக்கு (அரசாங்கச் செயலகத்துக்கு) போய் எழுதிவிட்டு வந்திருக்கிறார். இந்தக் கடதாசியைப் பார்க்காமல் இருந்திருந்தால் "தந்தையின் செல்ல மகள்" என்று எழுதிவிட்டுப் போயிருப்பேன்.

அந்தக் கலியாணத்தை எழுதுவதா விடுவதா என்று வீட்டில் இரண்டு நாள் வாக்குவாதம். மாமா விடச் சொன்னார். நான் ஒரு வசனம் போட்டேன்: "1971இல் மணமுடித்து, பின்னர் தன் விருப்பில் தந்தையின் கமத்துக்குத் திரும்பினார்." அவ்வளவுதான். அந்த ஆளின் பெயர் வேண்டாம், அவருக்கும் இப்போது பேரப்பிள்ளைகள் இருக்கிறார்கள். ஆனால் மறைத்துவிட்டால், அதற்குப் பிறகு அவ செய்த ஒவ்வொன்றும் காரணம் இல்லாமல் அந்தரத்தில் நிற்கும்.

பயணக் கதைகளில் கொஞ்சம் கவனம். பெரியம்மா எழுபதுகளில் ஒருமுறை கதிர்காமத்துக்குப் பாதயாத்திரை போனவ. யாழ்ப்பாணத்துச் செல்வச்சந்நிதி முருகன் கோயிலிலிருந்து வந்த கூட்டத்தோடு முல்லைத்தீவில் சேர்ந்து, திருகோணமலை, மட்டக்களப்பு, உகந்தை என்று கரையோரமாக நடந்து, கடைசியில் குமணைக் காடும் யாலக் காடும். அவ போனது உண்மை, கூடப் போன ஒருவர் இருக்கிறார். ஆனால் காட்டில் கரடியை விறகுக்கட்டையால் விரட்டிய கதைக்குச் சாட்சி இல்லை, சொல்லச் சொல்லக் கரடியும் வளர்ந்துகொண்டே வந்தது. வெட்டவேண்டாம், "என்று அவ சொல்லுவா" என்று முடியுங்கள். வாசிக்கிற ஆளுக்கு விளங்கும், அவவின் குரலும் கேட்கும்.

இன்னொன்று, இதில் நான் கொஞ்சம் பிடிவாதம். வன்னியில் ஒருவருடைய வாழ்க்கையை எழுதத் தொடங்கினால் பேனை தானாகக் கடைசிப் போர் நடந்த 2008க்கும் 2009க்கும் ஓடிவிடும். தருமபுரம், விசுவமடு, சுதந்திரபுரம், மாத்தளன், முகாம் என்று ஊர்ப்பெயர்கள் வரிசையாக வரும், மிச்ச அறுபது வருசம் நாலு வரியில் அடங்கிவிடும். அதை எழுதத்தான் வேண்டும், ஆனால் அங்கேயும் அவ என்ன செய்தா என்று பாருங்கள். பெரியம்மா உடுப்புப் பையை விட்டுவிட்டு விதைநெல் அரை மூட்டையைச் சைக்கிளில் கட்டினவ, அது விசுவமடுவுக்கு அப்பால் போகவில்லை. தொண்ணூறுகளில் பொருளாதாரத் தடைக்குள் பெற்றோல் துளி விட்டு ஸ்டார்ட் பண்ணி மண்ணெண்ணெயில் மோட்டார் சைக்கிள் ஓடியதற்கும் ஒரு பந்தி கொடுத்தேன், அந்தப் புகை மணம் தெரிந்தவர்கள் வாசித்துவிட்டுச் சிரித்தார்கள்.

படம். வீட்டில் இருக்காது என்றால் வெளிநாட்டில் இருக்கும், அறுபது எழுபதுகளில் ஊரை விட்டவர்களின் அல்பங்களில் தேடச் சொல்லுங்கள். கனடாவிலிருந்து எனக்கு வந்தது மெஷினுக்குப் பக்கத்தில் அவ நிற்கிற கறுப்பு வெள்ளைப் படம், தாவணியை இடுப்பில் செருகி, கண்ணைச் சுருக்கிக்கொண்டு. கண்ணாடியில் ஒட்டிப்போன படத்தை உரிக்காதீர்கள், கண்ணாடியோடேயே விறாந்தை வெளிச்சத்தில், பிளாஷ் இல்லாமல், போனை நேராகப் பிடித்து எடுங்கள்.

அச்சு வேலை பற்றிச் சுருக்கமாக. பக்கங்கள் நாலின் மடங்கில் வர வேண்டும், 16 அல்லது 20 போதும். நீங்கள் போனில் யூனிகோட்டில் எழுதியதைப் பல அச்சகங்கள் பாமினி என்ற பழைய எழுத்துருவுக்கு மாற்றித்தான் பக்கம் அமைக்கும், அந்த மாற்றத்தில் ஸ்ரீயும் ஔவும் சில இடங்களில் கொம்பும் உதிரும். எனக்கு வந்த முதல் புரூவில் பெரியம்மாவின் பெயரே பிழை. போனில் பார்த்து ஓகே சொல்லாதீர்கள், கடதாசியில் எடுத்து, அவவைத் தெரியாத ஒருவரைக்கொண்டு சத்தமாக வாசிப்பியுங்கள். பிறகு பிடிஎப் ஒன்றைக் கேட்டு வாங்கி நூலகம் என்ற மின்னூலக இணையத்தளத்துக்கு அனுப்பிவிடுங்கள், நினைவு வெளியீடுகளை அவர்கள் சேர்க்கிறார்கள். எங்கள் வீடுகளில் கடதாசி எத்தனை தரம் பிழைத்தது என்பது உங்களுக்குத் தெரியும்.

கடைசி இரண்டு பக்கத்தையும் நான் வெறுமையாக விட்டேன். அச்சகத்தில் ஒரு முருகன் படமாவது போடச் சொன்னார்கள், வேண்டாம் என்றேன். ஒரு வருசம் கழித்து ஆட்டத்திவசத்துக்கு அந்தப் பக்கத்து வளவு ஐயா தன் பிரதியைக் கொண்டுவந்து தந்தார். வெறும் பக்கத்தில் நீலப் பேனையால், நடுங்கிய எழுத்தில், "சிவத்த மெஷின் எண்டு எழுதியிருக்கு. அது நீலம். மற்றது சரி."